‘நெட் ஸ்லோ’ என்று போன் செய்வதற்கு முன்

வீடுகளுக்கு ஃபைபர் இழுத்து மோடம் மாட்டித் தருவது என் வேலை. வருகிற புகாரெல்லாம் ‘நெட் ஸ்லோ’ என்றுதான் வரும். எந்த இடத்தில் ஸ்லோ என்று சொல்லத் தெரிந்தவர் வீட்டில் வேலை சீக்கிரம் முடிகிறது.

முதலில் பெட்டியைப் பாருங்கள். நாம் மோடம் என்று சொல்லும் அதன் சரியான பெயர் ஓஎன்டி. ஃபைபரில் வரும் ஒளியை மின் சிக்னலாக மாற்றுவது அதுதான். அதில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. பீரோவுக்குப் பின்னால் கேபிள் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். ஃபைபர் பெட்டியில் சேரும் பச்சை முனையைக் கழற்ற வேண்டாம். நுனியில் தூசி பட்டாலே சிக்னல் குறையும். கழற்றிய முனைக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது, உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். வரும் ஒளியின் பலத்தை நாங்கள் பவர் மீட்டரில் அளப்போம், அதன் அலகு டிபிஎம். மைனஸ் 27 டிபிஎம்முக்கும் கீழே போனால் லைன் விட்டுவிட்டுத்தான் வரும்.

விளக்கெல்லாம் சரியாக இருந்தால், அப்புறம் வேகம். 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட். ஃபைலின் அளவோ மெகாபைட்டில் இருக்கும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி, 1 ஜிபி படம் இறங்க 80 நொடியாவது ஆகும்.

வேகத்தை வைஃபையில் அளக்காதீர்கள், லேன் கேபிளைச் செருகி அளங்கள். அதில் முழு வேகம் வந்தால் லைனில் குறையில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் திணறும். 2.4 தூரம் போகும், பக்கத்து வீட்டு வைஃபைகளோடு மோதும். இரண்டுக்கும் தனிப் பெயர் வைப்பதே நல்லது என்பேன். பெட்டியை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் ஹாலில் உயரமாக மாட்டுங்கள்.

300 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் லேனில் 95-ஐத் தாண்டவில்லையா? கேபிளுக்குள் 8 கம்பிகள் உண்டு. ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடலாம். சில பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டுமே கிகாபிட், அதையும் மாற்றிப் பாருங்கள்.

வீடியோ கால் திக்கினால் பார்க்க வேண்டியது பிங், அதாவது ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம். கம்ப்யூட்டரில் கட்டளை தட்டும் கமாண்ட் பிராம்ப்டில் முதலில் ரூட்டரின் (பெரும்பாலும் அதே பெட்டிதான்) முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, பிங் கொடுங்கள். பிறகு வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு. முதலாவதே தடுமாறினால் கோளாறு வீட்டுக்குள். இரண்டாவது மட்டும் தடுமாறினால் எங்கள் பக்கம். இரண்டும் சரி, ஆனால் தளம் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படுங்கள், ரூட்டரில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 என்று மாற்றிப் பார்க்கலாம்.