ஊருக்கு வருகிறீர்களா? யாளிக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்

ஜூலை பிறந்தால் எங்கள் வீட்டுக்கு லண்டனிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ சொந்தம் வந்து இறங்கும். வீடு கும்பகோணத்தில் இருப்பதால் கோயில் காட்டுகிற வேலை தானாக என் தலையில் விழுந்துவிட்டது. பெரியவர்கள் நவக்கிரகம், பரிகாரம் என்று பட்டியலோடு வருவார்கள். பிள்ளைகளுக்கு மூன்றாவது கோயிலிலேயே சலித்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன்னால் தாராசுரத்தில் அக்கா மகன் ஒரு தூணடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "மாமா, இது டிராகனா?" என்று கேட்டான். அன்றிலிருந்து என் பட்டியல் வேறு.

டிராகன் இல்லை, டைனோசரும் இல்லை. குமரிக்கண்டத்தில் நிஜமாகவே உலவிய விலங்கு என்று சில காணொளிகள் சுற்றுகின்றன, விட்டுத்தள்ளுங்கள். சிங்க உடம்பு, பிதுங்கிய கண், கோரைப்பல், சில சமயம் யானைத் துதிக்கை. இதுதான் யாளி. 'ஆளி' என்ற பெயரில் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. தாய்ப்பால் மறக்காத ஆளிக்குட்டி முதல் வேட்டையிலேயே களிற்றை அடித்தது போல என்று கரிகாலனின் இளமையை ஒரு புலவர் பாடியிருக்கிறார். கல்லுக்கு வந்தது பிறகுதான். பல்லவர், சோழர் கோயில்களில் அடக்கமாக இருந்தது, நாயக்கர் காலத்தில் தூணை விட்டு எகிறிப் பாய்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

இந்த மாதிரி உருவங்களுக்கு முன்னால் நின்று 'இது என்ன மிருகம்' என்று மட்டும் கேட்டால் சீக்கிரம் அலுத்துவிடும். 'எங்கே நிற்கிறது' என்று கேளுங்கள். படிக்கட்டின் கைப்பிடி, மண்டபத்து விளிம்புத் தூண், கோயில் தரையிலிருந்து எழும்புகிற அதிட்டானம், சுவாமியைச் சுற்றிய திருவாசி. எல்லாமே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாண்டுகிற விளிம்புகள். நரசிம்மர் கதையை நினைத்துப் பாருங்கள். மனிதனாலும் சாவில்லை, மிருகத்தாலும் இல்லை. பகலிலும் இல்லை, இரவிலும் இல்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. இப்படி வரம் வாங்கிய இரணியனுக்கு அந்தி நேரத்தில், வாசற்படியில், ஆளும் சிங்கமுமாக ஒருவர் வந்து நிற்கிறார். 'இரண்டுங்கெட்டான்' என்று நாம் திட்டுவதற்கு வைத்திருக்கிற சொல், கோயிலில் காவல் உத்தியோகம் பார்க்கிறது. இதைச் சொன்னதும் அக்கா மகன் சிரித்துவிட்டான். அவன் பாட்டி அவனைக் கூப்பிடுவதே அப்படித்தான்.

தாராசுரத்திலேயே தொடங்குங்கள். கும்பகோணத்திலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெரிய கோயில் இல்லை, கூட்டமும் இராது. முன் மண்டபத்துத் தூண்களின் அடியில் யாளிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றின் எதிரே பத்து நிமிடம் உட்காருங்கள். துதிக்கை உள்ளே சுருண்டிருக்கும், பிடரி மயிர் ஒவ்வொரு சுருளாகத் தனியே செதுக்கியிருக்கும், மொத்தத் தூணையும் தலையில் தாங்கிக்கொண்டு முகத்தில் கொஞ்சமும் சிரமம் தெரியாது. அப்புறம் ரிஷபகுஞ்சரம் எங்கே என்று அங்கிருக்கும் காவலரைக் கேளுங்கள். சின்னச் சிற்பம், தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். காளைக்கும் யானைக்கும் சேர்த்து ஒரே தலை. காளையின் உடம்பைக் கையால் மறைத்தால் யானை, யானையின் உடம்பை மறைத்தால் காளை. பிள்ளைகள் கையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு அங்கேயே அரை மணி நேரம் நிற்பார்கள்.

காலையில் போவது நல்லது. பத்தரைக்கு மேல் பிராகாரத்துக் கல் கொதிக்கும், குளிர் நாட்டுப் பாதம் தாங்காது. வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தடித்த காலுறை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கோயில்களில் மதியம் நடை சாத்தினால் நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள்.

அன்று மாலையே திருபுவனம் போகலாம், மயிலாடுதுறை சாலையில் பக்கத்தில்தான் இருக்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோயில். கம்பம் என்றால் நடுக்கம், அதைத் தீர்க்கிறவர் என்று பெயர். இங்கே ஜனங்கள் தேடி வருவது சரபேசுவரரை. இரணியனைக் கொன்ற பிறகும் நரசிம்மரின் கோபம் அடங்கவில்லை, உலகம் நடுங்கியது, சிவன் சிங்கமும் பறவையும் மனிதனும் கலந்த உருவில் வந்து அவரை அணைத்துத் தணித்தார் என்பது சைவர்கள் சொல்கிற கதை. இரண்டு இறக்கைகளிலும் பிரத்தியங்கிரா, சூலினி என்ற இரண்டு தேவிகள் இருப்பதாக ஐதிகம். சரபரின் முகத்தைவிட இறக்கை விரிந்திருக்கிற விதத்தைத்தான் நான் பார்க்கச் சொல்வேன். கோபக்காரப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்தில், மாலை நாலரை முதல் ஆறு வரை, விசேஷ வழிபாடு. வேண்டுதல் இருந்தால் அந்த நேரம் போங்கள், நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் வேறு நாள். ஒரு எச்சரிக்கை: இந்தக் கதையை வைணவச் சம்பந்தி வீட்டில் சொல்லிவைக்காதீர்கள். சரபத்தை அடக்க நரசிம்மர் கண்டபேருண்டமாக, இரட்டைத் தலைப் பறவையாக, வந்த கதை அவர்களிடம் தயாராக இருக்கும்.

சிதம்பரத்தில் எனக்குப் பிடித்தவர்கள் இரண்டு முனிவர்கள். நடராசர் படங்களில் அவருக்கு இரண்டு பக்கமும் கும்பிட்டு நிற்பார்களே, அவர்கள்தான். ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே பாம்பு, அவர் பதஞ்சலி. இன்னொருவர் வியாக்கிரபாதர், புலிக்கால். வண்டு வாய் வைப்பதற்கு முன்னால், விடிவதற்குள் மரமேறிப் பூப்பறித்துப் பூசை செய்ய வேண்டும் என்பதற்காக அவர் கேட்டு வாங்கிய கால் அது. வழுக்காமல் ஏற நகம், இருட்டில் பார்க்கப் புலிக்கண். அவரால்தான் அந்த ஊருக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று பேர். கடவுளிடம் வரம் கேட்கப் போய், வேலைக்குத் தோதான கால் கேட்டவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சிவன் கோயில் தீபாராதனையை அவசரப்படாமல் பாருங்கள். அடுக்குத் தீபம், நாகதீபம் என்று மாறி மாறி வரும்போது, மனித முகமும் சிங்க உடம்புமாக ஒரு விளக்கு வந்தால் அது புருஷாமிருகம். விஷ்ணு பெயரைக் கேட்டாலே துரத்துகிற சிவபக்தன். மகாசிவராத்திரி சமயத்தில் வருகிறவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிவாலய ஓட்டத்தைப் பார்க்கலாம். காவியுடுத்து, கையில் விசிறியோடு, முன்சிறையில் தொடங்கி 12 சிவன் கோயில்களுக்கு ஓடுவார்கள். வழியெல்லாம் சிவ நாமம் இல்லை, 'கோவிந்தா, கோபாலா'தான். புருஷாமிருகத்தை வம்புக்கு இழுத்துக்கொண்டு ஓடிய வீமனின் ஓட்டமாம் அது. முடிவது திருநட்டாலத்தில், சிவன் பாதி விஷ்ணு பாதியான சங்கரநாராயணர் சந்நிதியில்.

மதுரைக்குப் போனால் ஆயிரங்கால் மண்டபம். எண்ணினால் 985 தூண்கள் என்பார்கள். ஒரு முனையில் நின்று வரிசையாகப் பார்த்தால் யாளிகள் இரண்டு பக்கமும் எழுந்து நிற்பது தெரியும். கோயிலுக்குள் கைபேசி கூடாது, வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். படம் எடுக்க முடியாது என்று முகம் சுளிக்கிற பிள்ளைக்கு ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் அண்ணாந்து விமானத்தையே பார்க்காமல், அதிட்டானத்தில் ஓடுகிற யாளி வரியையும் ஒரு சுற்று பாருங்கள். அது போதும்.

வழிகாட்டிகளில் சிலர் யாளியின் காலடியில் இருக்கும் யானையைக் காட்டி 'ஆணவம் அடங்குகிறது' என்பார்கள். தப்பில்லை, சைவர்கள் ஆணவத்தை யானையாகச் சொல்வது வழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு நகத்துக்கும் ஒரு தத்துவம் சொல்ல ஆரம்பித்தால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

விமானம் ஏறுகிற நாளில் நேரம் மிஞ்சினால் மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில் இறங்குங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருந்தால் அதைப் பெட்டிக்குள் பூட்டிவிடாதீர்கள். தொல்லியல் துறை கட்டணம் வாங்குகிற இடங்களில் அது இருந்தால் இந்தியர் கட்டணம்தான். கடற்கரை ஓரமாகச் சவுக்கு நிழலில் ஒரு பாறை, நடுவில் ஒரு மாடம், அதைச் சுற்றி வாய் பிளந்த தலைகள். ஊரெல்லாம் அதைப் 'புலிக்குகை' என்றுதான் சொல்கிறது. பெயரைச் சொல்லாமல் பிள்ளைகளை முன்னால் விடுங்கள். அக்கா மகன் ஓடிப்போய் ஒவ்வொரு தலையாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "மாமா, பேரை மாத்தச் சொல்லுங்க" என்றான்.