சிம்பொனி ஆல்பம் வாங்கறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மார்ச்ல லண்டன்ல இளையராஜாவோட சிம்பொனி அரங்கேறினதுல இருந்து, வீட்ல நல்ல ஸ்பீக்கர் வச்சிருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் வெஸ்டர்ன் கிளாசிக்கல் பக்கம் வர ஆரம்பிச்சிருக்காங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா நான் ஆரம்பத்துல காசை விட்ட அதே எடத்துல அவங்களும் விடறதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல. கீறல் விழுந்த டிஸ்க் வாங்காதீங்க, ஸ்பீக்கரை மூலைல தள்ளாதீங்க மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்துக்கெல்லாம் போகல.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்னு நம்பரைப் பாத்து வாங்கறது

இன்னைக்கும் எனக்குக் கோபம் வர்ற விஷயம் இதுதான். கிலோஹெர்ட்ஸ் நம்பர், அதாவது சாம்பிள் ரேட், ஒலியை ஒரு செகண்டுக்கு எத்தனை ஆயிரம் தடவை அளந்து பதியறாங்கங்கறது; பிட், ஒவ்வொரு அளவும் எவ்வளவு நுணுக்கம்ங்கறது.

நண்பர் ஒருத்தர் புது டிஏசி (டிஜிட்டல் ஃபைலை ஆம்ப்புக்குப் போற சிக்னலா மாத்தற கருவி) வாங்கின ஜோர்ல, ஒரு மாலர் சிம்பொனியை சிடி விலையைவிட ரெண்டு மடங்கு குடுத்து ஹை-ரெஸ் ஃபைலா, அதாவது சிடியைவிடப் பெரிய நம்பர் போட்ட ஃபைலா வாங்கினார். போட்டுக் கேட்டா வயலின் எல்லாம் காதைக் கிழிக்குது, டிம்பனி முரசு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியல, ஆம்ப்பை மாத்திடலாமான்னு எனக்கு போன். ஆல்பம் விவரத்தை எடுத்துப் பாத்தா 1980கள் ஆரம்பத்துல டிஜிட்டல்லயே பதிவானது, அந்தக் காலத்து மெஷின் பெரும்பாலும் 16 பிட், 44.1 இல்லன்னா 48 கிலோஹெர்ட்ஸ் வட்டாரம்தான், அப்புறம் 192 எங்கேர்ந்து வரும்? ஸ்பெக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல அந்த ஃபைலைப் போட்டோம். கீழ சிவப்பும் மஞ்சளுமா கிளம்பி மேல போகப் போக நீலமாகி, 22 கிலோஹெர்ட்ஸ்ல கத்தியால வெட்டின மாதிரி நின்னுடுச்சு, அதுக்கு மேல முழுக்கக் கருப்பு. சாம்பிள் ரேட்ல பாதி வரைக்கும்தான் ஒலி பதிவாகும், அதனால இது 44.1ல எடுத்ததைப் பெரிய நம்பருக்கு ஊதி வித்ததுன்னு அந்தப் படமே சொல்லிடுச்சு.

அன்னைக்கே அதே ஆம்ப், அதே ஸ்பீக்கர்ல ஒரு சாதா சிடியைப் போட்டேன். 1959ல பாஸ்டன் சிம்பொனி ஹால்ல கண்டக்டர் சார்ல் முன்ஷ் நடத்தின, சான்-சான்ஸ் எழுதின மூணாவது சிம்பொனி, ஆர்சிஏ கம்பெனியோட லிவிங் ஸ்டீரியோ வரிசை. மெதுவா போற பகுதில ஆர்கன் சத்தமே இல்லாம உள்ள நுழையும், அந்தக் கீழ் ஸ்வரம் காதுக்கு வர்றதுக்கு முன்னாடி ரூம்ல ஒரு அழுத்தமா தெரியும், அதுக்கு மேல வயலின் எல்லாம் ஒண்ணா மிதந்து வரும். நண்பர் ஆம்ப் பேச்சையே விட்டுட்டார்.

ஏன் இப்படின்னா, சவுண்டைத் தீர்மானிக்கறது ஹாலும், மைக் எங்க தொங்குதுங்கறதும், மாஸ்டரிங் (வெளியிடறதுக்கு முன்னாடி ஒலியைக் கடைசியா சரிபண்ற வேலை) பண்ணவர் காதும்தான். மெர்குரி ரெக்கார்டு கம்பெனி ஆளுங்க ஸ்டீரியோவுக்கு மூணே மைக்ல முழு ஆர்கெஸ்ட்ராவைப் பிடிச்சாங்க, டெக்கா கம்பெனி ஆளுங்க கண்டக்டர் தலைக்கு மேல மூணு மைக்கை ஒரே சட்டத்துல தொங்கவிட்டு அதை ஆதாரமா வச்சாங்க. அப்புறம் வந்த நிறைய ரெக்கார்டிங்ல ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பக்கத்துல மைக் வச்சு மிக்ஸ் பண்ணிப் பண்ணி, முன்னாடி யாரு பின்னாடி யாருங்கற ஆழமே போயிடுச்சு. சின்னச் சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் நடுவுல சிடி தாங்கற 96 டெசிபல் இடைவெளி அந்தப் பழைய டேப்புக்குத் தாராளம். பழைய டேப்பை ஒழுங்கா மறுபடி மாஸ்டர் பண்ணி ஹை-ரெஸ்ஸா விட்டா நல்லா இருக்கும்தான், ஆனா அந்தப் பெருமை மாஸ்டரிங்குக்கு, நம்பருக்கு இல்ல.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி பின்னட்டையப் படிங்க: எந்த வருஷம், எந்த ஹால், யாரு இன்ஜினியர். பெர்லின்ல ஜீசஸ்-கிறிஸ்டஸ் சர்ச், வியன்னால சோஃபியன்சால், லண்டன்ல கிங்ஸ்வே ஹால், இந்தப் பேர்கள் கண்ணுல பட்டா நம்பி உக்காந்து கேக்கலாம். புதுசுதான் வேணும்னா பிட்ஸ்பர்க் ஆர்கெஸ்ட்ராவோட மான்ஃப்ரெட் ஹோனெக் நடத்தின ஷோஸ்டகோவிச்சோட அஞ்சாவது சிம்பொனி, 2018ல கிளாசிக்கல் ஒலிப்பதிவுக்கான கிராமியையே வாங்கினது.

சத்தம் கம்மியா இருக்குன்னு ஒதுக்கறது

மாலர் முதல் சிம்பொனி தொடக்கத்துல வயலின் எல்லாம் ஒரே ஸ்வரத்தை மெல்லிசா பிடிச்சிட்டு நிக்கும், அங்க வால்யூமை ஏத்திட்டீங்கன்னா கடைசி மூவ்மென்ட் (சிம்பொனியோட பகுதி) ஆரம்பத்துல சிம்பல் அடிக்கறப்போ வீடே அதிரும். அந்த இடைவெளிதான் நல்ல ரெக்கார்டிங். முதல்ல பெரிய சத்தம் வர்ற எடத்தைப் போட்டு வால்யூமை வச்சுக்கங்க, ஸ்ட்ரீமிங்ல கேட்டா எல்லா ஆல்பத்தையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டு வர்ற நார்மலைசேஷனை ஆஃப் பண்ணிடுங்க.

பின்னாடி கேக்கற இரைச்சல்

பழைய டேப்ல லேசா வர்ற 'ஸ்ஸ்' சத்தம், அதாவது டேப் ஹிஸ், குறை இல்ல. அதைச் சுத்தமா வழிச்சு எடுத்த ரீமாஸ்டர்ல ஹாலோட காத்தும் சேந்து போயிடும். கிங்ஸ்வே ஹால் ரெக்கார்டிங் சிலதுல கீழ ஓடற சுரங்க ரயிலோட உறுமலே கேக்கும், சப்வூஃபர் கெட்டுப்போச்சுன்னு பயந்துடாதீங்க.

பழைய மோனோ

கண்டக்டர் ஃபுர்ட்வெங்லர் 1951ல ஜெர்மனி பைராய்ட்ல நடத்தின பீத்தோவன் ஒன்பதாவது சிம்பொனியை இசைக்காகக் கண்டிப்பா வாங்குங்க, ஆனா அது ஒரே சேனல்ல பதிவான மோனோ, அதனால ஸ்பீக்கரோட பெருமையைக் காட்டறதுக்குன்னு வாங்காதீங்க.

"பெஸ்ட் ஆஃப்" தொகுப்பு

வேண்டாம்.

பீத்தோவன் ஒன்பதை ஒரே எல்பில வாங்கறது

ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடற இசையை எல்பியோட, அதாவது வினைல் இசைத்தட்டோட, ரெண்டு பக்கத்துல அடைச்சா ஊசி ஓடற பள்ளத்தை நெருக்கி, லெவலைக் குறைச்சுத்தான் வெட்ட முடியும். உள்பக்கம் போகப் போக ஊசிக்கு அடியில ஓடற வேகமும் குறையும், டிஸ்டார்ஷன் ஏறும், சரியா அங்கதான் கோரஸ் முழுத் தொண்டையில பாடிட்டு இருக்கும். கடைசி மூவ்மென்டுக்குத் தனியா ஒரு பக்கம் ஒதுக்கின ரெண்டு எல்பி செட்டா பாத்து வாங்குங்க.