ஊர்ப்பெயரை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள்

விமான டிக்கெட் போடும்போது ஊர்ப்பெயரை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கலாம், ஆனால் ஒரு குறியீடு ஒரே ஒரு விமான நிலையத்துக்குத்தான் கொடுக்கப்படும். ஆஸ்திரேலியாவின் சிட்னி எஸ்ஒய்டி, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் சின்ன சிட்னி ஒய்க்யூஒய். முன்னதுக்கு என்று கிளம்பி பின்னதில் போய் இறங்கியவர்கள் உண்மையிலேயே உண்டு. பர்மிங்ஹாம் என்றால் இங்கிலாந்தில் பிஎச்எக்ஸ், அமெரிக்காவின் அலபாமாவில் பிஎச்எம். சான் ஹோசேயும் அப்படித்தான், கலிபோர்னியாவுக்கு எஸ்ஜேசி, கோஸ்டா ரிக்காவின் தலைநகருக்கு எஸ்ஜேஓ, வித்தியாசம் ஒரே எழுத்துதான், அதனால் அவசரத்தில் பார்த்தால் இதுவும் ஏமாற்றிவிடும்.

பல விமான நிலையங்கள் உள்ள பெருநகரம் என்றால் கொஞ்சம் கவனம் தேவை. எல்ஓஎன் என்பது ஒரு விமான நிலையத்துக்கு இல்லை, லண்டன் நகரம் முழுவதற்குமான குறியீடு, அப்படித் தேடினால் ஹீத்ரோ (எல்எச்ஆர்), கேட்விக் (எல்ஜிடபிள்யூ) எல்லாம் கலந்து வரும், டிக்கெட்டில் எல்எச்ஆரா எல்ஜிடபிள்யூவா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அப்புறம், பேருந்துக்குப் பொதுவாக இப்படிக் குறியீடு பார்த்து டிக்கெட் போடுவதில்லை, அங்கே மாவட்டத்தையும் மாநிலத்தையும் சேர்த்துக் கேட்பது நல்லது.