பேஸ்பாலில், மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக் பிட்சர்களைத் (பந்து வீசுபவர்கள்) தரவரிசைப்படுத்துவது எப்படி?

முதலில் ஈஆர்ஏவை (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகப் பிட்சர் கணக்கில் சேரும் ரன்கள்) ஓரமாக வையுங்கள். அதில் ஃபீல்டர்களின் தரமும் மைதானத்தின் தன்மையும் கலந்திருக்கும். மைனர் லீக் அணி ஆடும் அமெரிக்க நகரமான அல்புகர்க்கி 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் அடித்த பந்து கூடுதலாகப் பறக்கும், கர்வ்பால் சரியாக வளையாது. அங்கே நல்ல பிட்சரும் அடி வாங்குவார்.

ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்டாவது) சதவீதத்திலிருந்து வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசமாகக் கிடைப்பது) சதவீதத்தைக் கழியுங்கள். 28-லிருந்து 8 போனால் 20, அருமையான எண். உடனே வயதையும் பாருங்கள். டபுள்-ஏயில் (மைனர் லீக்கின் இரண்டாவது உயர்ந்த நிலை) 20 வயதில் இதைச் செய்பவரை, 24 வயதில் செய்பவருக்கு மேலே வையுங்கள்.

அடுத்து ஒவ்வொரு பந்து வகைக்கும் 20-80 அளவுகோலில் மதிப்பெண். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. பலர் சறுக்குவது இங்கேதான்: மணிக்கு 98 மைல் வேக ஃபாஸ்ட்பாலைப் பார்த்ததும் முதலிடம் கொடுத்துவிடுகிறார்கள். வலக்கைப் பிட்சரிடம் ஃபாஸ்ட்பாலும் ஸ்லைடரும் (பக்கவாட்டில் விலகும் பந்து) மட்டும் இருந்தால், இடக்கை பேட்டர்கள் பேட்டிங் வரிசையின் இரண்டாவது சுற்றிலேயே கணித்துவிடுவார்கள். சேஞ்ச்அப் (ஃபாஸ்ட்பால் போலவே வீசி வேகத்தைக் குறைக்கும் பந்து) 45-ஆவது தேறாவிட்டால் அவரை ரிலீவராகவே (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசுபவர்) எண்ணி, பட்டியலில் இறக்குங்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இன்னிங்ஸ் வேகம் ஏமாற்றும்.

டாமி ஜான் அறுவை சிகிச்சை (முழங்கைத் தசைநாரைச் சீரமைப்பது) செய்தவரை அடியோடு நீக்க வேண்டாம். 2010-இல் புதிய வீரர்களுக்கான டிராஃப்ட்டில் ஒன்பதாம் சுற்றில் தேர்வான ஜேக்கப் டிகிராம் அதே ஆண்டு அதைச் செய்துகொண்டார். 2018, 2019 இரண்டிலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வென்றார். திரும்பி வர 12 முதல் 18 மாதம் பிடிக்கும். வேகம் முதலில் வரும், கட்டுப்பாடு பெரும்பாலும் பிந்தியே வரும். எனவே திரும்பிய முதல் சில மாதங்களின் வாக் எண்ணிக்கைக்காக யாரையும் கீழே தள்ளாதீர்கள்.