வாடகை வீட்டுக்கு டைல்ஸ் வாங்கும்போது

வாடகைக்கு விடும் வீட்டில் ஆள் மாறும்போதெல்லாம் பீரோவும் கட்டிலும் தரையில் இழுபடும். அதனால் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் டபுள் சார்ஜ் விட்ரிஃபைடு டைல்ஸே என் தேர்வு. இதில் நிறமுள்ள மேல் அடுக்கு 3 மி.மீ. அளவுக்குக் கனமாக இருக்கும். கீறல் அவ்வளவாகத் தெரியாது. பளபளவென்று மார்பிள் போல மின்னும் ஜிவிடி (கிளேஸ்டு விட்ரிஃபைடு) ரகத்தில் மேலே இருப்பது மெல்லிய கிளேஸ் பூச்சுதான். அது தேய்ந்தால் டிசைனும் போச்சு. ஆத்தங்குடி கல் கொள்ளை அழகு, ஆனால் அது சிமென்ட். ஆசிட் பட்டால் கெட்டுவிடும். அதைச் சொந்த வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையும் வேண்டாம், அடர் கறுப்பும் வேண்டாம். சாம்பல் அல்லது பழுப்பில் லேசாகப் புள்ளி போட்டது அழுக்கை மறைக்கும். பாத்ரூம் தரைக்கு பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில், வழுக்காத ஆன்டி ஸ்கிட் ரகம் மட்டுமே.

டைல்ஸைவிட முதலில் கெடுவது இடுக்குதான். வாடகைக்கு வருபவர்கள் பாத்ரூமில் ஆசிட் ஊற்றிக் கழுவத்தான் செய்வார்கள். இடுக்கை நிரப்பும் பூச்சான சிமென்ட் கிரவுட் அரித்து, தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் கசியும். அங்கே மட்டுமாவது ஆசிட்டைத் தாங்கும் எபாக்ஸி கிரவுட் போடச் சொல்லுங்கள். விலை கூடுதல்தான், கொத்தனாரும் முணுமுணுப்பார்.

ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போடுங்கள். பெட்டியில் அச்சிட்ட பேட்ச் நம்பரும் ஷேடும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். பிறகு ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.