கயிற்றில் போட்ட நாலு முடிச்சு

மகனுக்கு 13 வயது, பேஸ்போலில் பிட்சர், அதாவது பந்து எறிபவன். முழங்கையின் உட்பக்கம் நோகுது என்றவனிடம், "எண்ணெய் பூசு, சரியாகும்" என்று சொன்னது என் பிழை. எலும்பு வளரும் இடத்தில் காயம். ஆறு கிழமை எறியக்கூடாது என்றார் டொக்டர்.

ஓய்வு முடிந்ததும் உடனே, பிட்சர் நின்று எறியும் மேட்டில் ஏறத் துடித்தான். நான் விடவில்லை. எறியும் தூரத்தை அளக்க மீன்பிடிக் கயிறு ஒன்றில் 45, 60, 90, 120 அடியில் முடிச்சுப் போட்டேன். உப்புவெளிக் கடற்கரை மணலில் கால் புதையும், உடம்பின் பலம் கிடைக்காமல் கைதான் இழுபடும். அதனால் புல்தரையைத்தான் தேடிப்போனோம்.

முதல் நாள் 45 அடியில் 25 எறிவு, கொஞ்சம் ஓய்வு, திரும்ப 25. மறுநாள் எறிவே கிடையாது. இரண்டு தரம் நோவில்லாமல் முடித்தால்தான் அடுத்த முடிச்சு.

90 அடியில் ஒருநாள் பந்தை விட்டதும் முகம் சுருங்கியது. "நோகுதோ தம்பி?"

"இல்லையப்பா... கொஞ்சம் இழுக்குது."

அந்த "கொஞ்சம்" போதும். இரண்டு நாள் நிறுத்தி, 60க்குத் திரும்பினோம். அழுதான், எனக்கும் மனசு கேட்கவில்லை.

120 அடி முடிந்தபிறகே மேடு. அதுவும் பாதி வேகம், நேர்ப்பந்து மட்டும். வளைவுப்பந்து இன்னும் இல்லை. நேற்று 15 பந்து போட்டான். இரவு சாப்பிடும்போது கையை மடக்கி நீட்டிக் காட்டினான், நோவில்லை.