நின்றால் சூடேறும் கார்: ஃபேன் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள்

ஹைவேயில் 80-ல் போனால் ஒன்றும் இல்லை. சிக்னலிலோ டோல்கேட்டிலோ கொஞ்சம் நின்றால் முள் ஏறுகிறது, வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடுகிறது. இப்படி இருந்தால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைப் பார்த்துக்கொள்ளும். நின்றுவிட்டால் முழு வேலையும் ஃபேன் தலையில். ஹைவேயிலும் சூடேறினால் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), வாட்டர் பம்ப், அடைத்த ரேடியேட்டர் என்று தேடல் வேறு பக்கம் போகும். இங்கே எலக்ட்ரிக் ஃபேன் உள்ள பெட்ரோல் கார்களை மட்டும் பார்ப்போம்.

தேவையானவை: மல்டிமீட்டர், பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு, புளூடூத் ஓபிடி அடாப்டர் (காரின் சென்சார் எண்களைப் போனில் காட்டும் கருவி). இன்ஃப்ராரெட் கன்னுக்குக் காசு போடாதீர்கள். பளபளக்கும் அலுமினியத்தில் வெப்பத்தைக் குறைத்துக் காட்டும்.

1. கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மூடியைத் திறந்து அளவு பாருங்கள். சூட்டில் திறந்தால் முகத்தில் பீய்ச்சும். மூடியின் ரப்பர் விறைத்திருந்தால், அதில் அச்சிட்டிருக்கும் அதே எண்ணில் (0.9 அல்லது 1.1) புதிது போடுங்கள். அழுத்தம் நிற்காவிட்டால் கூலன்ட் சீக்கிரமே கொதித்துவிடும்.

2. ஐடிலில் விட்டுப் பாருங்கள். ஏசி ஆஃப், ஓபிடியில் கூலன்ட் வெப்பநிலை. பெரும்பாலான கார்களில் 95-100 டிகிரியில் ஃபேன் ஓடத் தொடங்க வேண்டும். 105 தாண்டியும் சத்தமில்லை என்றால் ஏசியைப் போடுங்கள். இப்போது ஓடினால் மோட்டார் நல்லது. கூலன்ட் வெப்பநிலை சென்சார் பக்கம் பாருங்கள். காலையில், ஸ்டார்ட் செய்யும் முன் இக்னிஷனை மட்டும் ஆன் செய்தால் ஓபிடியில் கூலன்ட் எண்ணும் இன்டேக் காற்றின் (இன்ஜின் உள்ளிழுக்கும் காற்று) எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 15 டிகிரி வித்தியாசம் இருந்தால் சென்சாரை மாற்றலாம்.

ஏசி போட்டும் ஓடவில்லையா? ஃபியூஸ், பிறகு ரிலே (ஃபேனுக்குக் கரன்ட்டை இணைக்கும் மின் சுவிட்ச்). அதே எண் உள்ள ஹாரன் ரிலேயை இடம் மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும். கடைசியாக மோட்டாருக்கு ஃபியூஸ் வைத்த வயரில் பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். தட்டினால் மட்டும் சுற்றுகிற மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

3. ஃபேன் சுற்றுகிறது, ஆனாலும் சூடேறுகிறது. பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இது. ஃபேன் கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும், வயரிங் சரி என்று முடிவு கட்டிவிடுவோம். மீட்டர் இழுக்கும் கரன்ட் மிக மிகக் குறைவு. ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் அது 12-ஐக் காட்டும். ஃபேன் இழுப்பதோ 10-15 ஆம்பியர். கனெக்டரில் 0.1 ஓம் தடை இருந்தால் 12 ஆம்பியரில் 1.2 வோல்ட் அங்கேயே போய்விடும். 14 வாட் சூடாகி பிளாஸ்டிக் பழுப்பேறும். ஃபேன் சோம்பலாகச் சுற்றும்.

அதனால் ஃபேன் ஓடும்போதே, கனெக்டரின் பின்பக்கமாக ஊசி செருகி அளக்க வேண்டும். பேட்டரியில் 14 என்றால் இங்கே 13.5-ஆவது வேண்டும். குறைந்தால் பேட்டரி பாசிட்டிவுக்கும் ஃபேன் பாசிட்டிவுக்கும் இடையே ஒருமுறை, ஃபேன் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே ஒருமுறை அளங்கள். முதலாவது 0.5-ஐயோ இரண்டாவது 0.2-ஐயோ தாண்டினால் கோளாறு அந்தப் பக்கம். மீட்டர் பழக்கமில்லாதவர்கள் ஃபேனுக்குப் பதில் ஹெட்லைட் பல்பை மாட்டுங்கள். மங்கலான மஞ்சளாக எரிந்தால் வயரிங்கில் இழப்பு இருக்கிறது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் சில வாரத்தில் திரும்ப வரும். டெர்மினலை வெட்டிப் புதிது கிரிம்ப் செய்வதே (வயரோடு அழுத்திப் பொருத்துவதே) சரி. ரிலே சாக்கெட்டின் அடியையும் பாருங்கள்.

மோட்டார் மாற்றிய வண்டி என்றால் கிரில் முன் ஒரு தாளைப் பிடியுங்கள். உள்ளே இழுத்து ஒட்ட வேண்டும். தள்ளினால் வயர் மாறி, ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது.

4. இடுக்கு. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பஞ்சும் மண்ணும் அடைந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீர் போதும். பிரஷர் வாஷர் ஃபின்களை மடக்கிவிடும்.

5. காற்று எடுத்தல். கூலன்டைத் தொட்டிருந்தால் முன்பக்கத்தை மேடாக நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய இன்ஜினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி அடங்கும் வரை கூலன்ட் சேர்த்து, பொங்கத் தொடங்குவதற்குள் மூடிவிடுங்கள். சூடான பிறகும் குமிழி நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம், மெக்கானிக்கிடம் போங்கள்.

ஃபேனை ‘டைரக்ட்’ செய்துவிடலாம், அதாவது எப்போதும் ஓடும்படி நேரடியாக இணைத்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழுப்பேறிய கனெக்டர் வழியே நாள் முழுக்கக் கரன்ட் ஓடினால் அது இன்னும் வேகமாக உருகும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் அப்படித்தான்: இன்ஜின் சூட்டுக்கு வராமல் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்.

பின்சேர்க்கை: ஏசி இல்லாமல் ஓடாத ஃபேன், ஏசி போட்டதும் முழு வேகத்தில் மட்டும் ஓடுகிறது, சென்சாரும் சரி என்றால், இரண்டு வேக ஃபேன் உள்ள வண்டிகளில் ஃபேன் கூட்டை ஒட்டியிருக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும், முழு அசெம்பிளி தேவையில்லை.